கர்ப்பப்பைக் கட்டியை மூலிகை கரைக்குமா?

மாத்திரையும் குளிகையும் சேர்த்துக் கொடுக்கும் சீன வைத்தியம்

"கட்டி" என்ற சொல்லைக் கேட்டதுமே பெண்களுக்குக் குலை நடுங்குகிறது. அதுவும் கர்ப்பப்பையில் கட்டி என்று டாக்டர் சொல்லிவிட்டால் கேட்கவே வேண்டாம். அன்று அந்த வீட்டில் அடுப்பு எரியாது.

"ஆபரேஷன் இல்லாமல் கரைக்க முடியாதா, டாக்டர்?"

எந்த நாட்டுப் பெண்ணும் முதலில் கேட்கும் கேள்வி இதுதான்.

சீனாவில் இந்தக் கேள்விக்கு ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். ஒரு கையில் இங்கிலீஷ் மாத்திரை. மறு கையில் மூலிகைக் குளிகை. இரண்டையும் சேர்த்துச் சாப்பிடச் சொல்கிறார்கள். இது ஏதோ சந்து மூலையில் ரகசியமாக நடக்கும் வைத்தியம் அல்ல. பெரிய ஆஸ்பத்திரிகளிலேயே பகிரங்கமாக நடக்கிறது.

இதனால் பலன் உண்டா? ஆபத்து உண்டா?

ஒரு சொல்லில் பதில் சொல்லிவிட முடியாது. ஏன் முடியாது என்பதுதான் ஒவ்வொரு பெண்ணும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

புற்று நோய் அல்ல

இந்தக் கட்டியை டாக்டர்கள் "பைப்ராய்டு" என்கிறார்கள். கர்ப்பப்பையின் சுவர் தசையால் ஆனது. அந்தத் தசையிலேயே முண்டு முண்டாக வளர்வதுதான் இது. பட்டாணி அளவிலும் இருக்கும். தேங்காய் அளவிலும் இருக்கும். ஒன்றே ஒன்றும் இருக்கும், ஏழெட்டும் இருக்கும்.

இது புற்று நோய் அல்ல. பைப்ராய்டு என்று நினைத்தது புற்று நோயாக இருப்பது மிக மிக அபூர்வம்.

எத்தனை பேருக்கு இந்தக் கட்டி இருக்கிறது தெரியுமா? அமெரிக்காவில் நடந்த ஓர் ஆராய்ச்சியின் முடிவு 2003-ல் வெளியாயிற்று. 50 வயதை எட்டுவதற்குள் வெள்ளைக்காரப் பெண்களில் 100-க்கு சுமார் 70 பேருக்கு இது வந்து விடுகிறது. கறுப்பினப் பெண்களில் 80 பேருக்கு மேல்! அவர்களில் பலருக்குக் கட்டி இருப்பதே தெரியாது. அது பாட்டுக்கு இருந்துவிட்டுப் போகும்.

தொல்லை கொடுக்கும் கட்டிகளும் உண்டு. மாத விலக்கின்போது ரத்தம் கட்டி கட்டியாகப் போகும். அடிவயிறு கனக்கும். அடிக்கடி சிறுநீர் கழிக்கத் தோன்றும். சிலருக்குக் கரு தங்காது. மாதா மாதம் ரத்தம் போய்ப் போய், முகம் வெளுத்து, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். வீட்டில் உள்ளவர்கள் "சோம்பேறித்தனம்" என்று சொல்வார்கள். உண்மையில் அது ரத்த சோகை.

பெண் உடலில் ஊறும் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரான் என்ற இரண்டு சுரப்புகள்தான் இந்தக் கட்டிக்குத் தீனி. மாத விலக்கு நிற்கும் வயதில் அந்தத் தீனி குறைந்துவிடுகிறது. கட்டியும் சுருங்க ஆரம்பிக்கிறது.

ஆகவே 48 வயதுப் பெண்ணுக்கு ஆசை, இன்னும் இரண்டு மூன்று வருஷத்தை எப்படியாவது ஓட்டிவிட வேண்டும் என்பது. 28 வயதுப் பெண்ணுக்கோ, குழந்தை பெறும்வரை கர்ப்பப்பையைக் காப்பாற்ற வேண்டும். இருவருமே கத்திக்குப் பயப்படுகிறார்கள். மருந்தைத் தேடுகிறார்கள்.

முயல் புழுக்கை அளவு

சீன வைத்தியர்கள் இந்தக் கட்டிக்குக் கொடுக்கும் மருந்துகளில் மிகவும் பேர் பெற்றது "குய்ஜி புலிங்" என்ற குளிகை. இதற்கு வயது சுமார் 1,800!

சாங் சோங்சிங் என்ற சீன வைத்தியர் எழுதிய பழைய நூலில் இதன் செய்முறை இருக்கிறது. ஐந்தே சரக்குகள். சீன லவங்கப்பட்டை மரத்தின் இளங்கொம்பு, பைன் மர வேரில் விளையும் ஒரு வகைக் காளான், பியோனி என்ற பூச்செடியில் இரண்டு வகையின் வேர், பீச் பழக் கொட்டையின் பருப்பு. ஐந்தையும் சம அளவு எடுத்து, பொடி செய்து, தேனில் உருட்ட வேண்டும்.

எவ்வளவு பெரிய உருண்டை? முயல் புழுக்கை அளவு என்கிறது அந்த நூல்! தினம் ஒன்று, சாப்பாட்டுக்கு முன். குணம் தெரியாவிட்டால் மூன்று வரை.

இன்று அதே சரக்கை மருந்துக் கம்பெனிகள் கேப்சூலில் அடைத்து விற்கின்றன.

வயிற்றில் ரத்தம் ஓடாமல் தேங்கிவிட்டால் அது கட்டியாக உறைந்துவிடும் என்பது சீன வைத்தியர்களின் கொள்கை. தேங்கிய ரத்தத்தை ஓட விட்டால் கட்டி கரையும் என்கிறார்கள். இங்கிலீஷ் டாக்டர் இதை ஏற்க மாட்டார். அவர் கணக்கு சுரப்புகளின் கணக்கு.

பிரான்சில் பிறந்த மாத்திரை

சீனாவில் இந்தக் குளிகையுடன் சேர்த்துக் கொடுக்கும் மாத்திரை "மிபெப்ரிஸ்டோன்". 1980-ல் பிரான்சில் ஒரு மருந்துக் கம்பெனியின் விஞ்ஞானிகள் இதைக் கண்டுபிடித்தார்கள். புரோஜெஸ்டிரான் வேலை செய்யாமல் இது மறித்துவிடும். ஆகவே கட்டிக்குத் தீனி கிடைக்காது.

இது சாதாரண மாத்திரை அல்ல. கர்ப்பத்தைக் கலைக்கக் கொடுப்பதும் இதே மருந்துதான். அதற்கு 200 மில்லிகிராம். கட்டிக்குச் சீன டாக்டர்கள் கொடுப்பது தினம் 10 முதல் 25 மில்லிகிராம் வரை. டாக்டர் சொல்லாமல் இதைத் தொடுவது நெருப்போடு விளையாடுவது போல.

இந்த இரண்டும் எப்படி ஜோடி சேர்ந்தன? அது சர்க்கார் செய்த கல்யாணம். கம்யூனிஸ்டு ஆட்சி வந்தபோது சீனாவில் இங்கிலீஷ் டாக்டர்கள் குறைவு. நாட்டு வைத்தியர்கள் ஏராளம். இரு சாராரும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும் என்று சர்க்கார் முடிவு செய்தது. 1955-ல் பீஜிங்கில் சீன வைத்திய ஆராய்ச்சிக் கழகம் ஏற்பட்டது. இங்கிலீஷ் வைத்தியம் படித்தவர்களை நாட்டு வைத்தியம் படிக்க அனுப்பினார்கள்.

அப்படிப் படித்தவர்களில் ஒருவர்தான் தூ யூயூ என்ற பெண்மணி. பழைய சீன நூல் ஒன்றில் இருந்த குறிப்பைப் பிடித்துக்கொண்டு, மலேரியாவுக்கு மருந்து கண்டார். 2015-ல் நோபல் பரிசு பெற்றார். பழைய ஏட்டில் சரக்கு இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆனால் ஒன்று: தூ யூயூ ஏட்டை நம்பி நின்றுவிடவில்லை. சோதித்துப் பார்த்தார்.

கட்டி மருந்தைச் சோதித்தார்களா?

2,222 பெண்கள்

சோதித்திருக்கிறார்கள். காக்ரேன் என்று ஒரு சர்வதேச அமைப்பு இருக்கிறது. மருந்துச் சோதனைகளை எல்லாம் ஒன்று சேர்த்து, எது நம்பத் தகுந்தது, எது தகாதது என்று சலித்துப் பார்ப்பதே அதன் வேலை. கர்ப்பப்பைக் கட்டிக்கு மூலிகை கொடுத்துப் பார்த்த 21 சோதனைகளை 2013-ல் அது ஆராய்ந்தது. அவற்றில் கலந்துகொண்ட பெண்கள் 2,222 பேர்.

மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களைவிட, மாத்திரையுடன் குய்ஜி புலிங்கும் சேர்த்துச் சாப்பிட்டவர்களுக்குக் கட்டி அதிகம் சுருங்கியதாக அந்தச் சோதனைகள் கூறின.

அப்படியானால் வெற்றி என்று சொல்லிவிடலாமா?

காக்ரேன் அப்படிச் சொல்லவில்லை. "சோதனைகளின் தரம் போதாது. இதை வைத்து ஒரு முடிவுக்கு வர முடியாது" என்ற கருத்தையே வெளியிட்டது.

ஏன்?

சீட்டுக் குலுக்கல்

கட்டி தானாகவும் சுருங்கும்! இதுதான் பெரிய சங்கடம்.

அமெரிக்காவில் 72 பெண்களுக்கு இருந்த 262 கட்டிகளை விஞ்ஞானிகள் படம் எடுத்து அளந்தார்கள். மாதங்கள் கழித்து மறுபடியும் அளந்தார்கள். 2008-ல் முடிவை வெளியிட்டார்கள். பல கட்டிகள் வளர்ந்திருந்தன. ஆனால் 100-க்கு 7 கட்டிகள், ஐந்தில் ஒரு பங்குக்கும் மேலாகத் தாமாகவே சுருங்கிப் போயிருந்தன. ஒரே பெண்ணின் வயிற்றில் ஒரு கட்டி வளர, பக்கத்துக் கட்டி சுருங்கியதும் உண்டு!

அந்தச் சமயத்தில் அந்தப் பெண் ஏதாவது வேரை அரைத்துக் குடித்திருந்தால்? "வேர் கரைத்துவிட்டது" என்று தெரு முழுவதும் பேச்சாகிவிடும். அவள் பொய் சொல்லவில்லை. ஆனால் வேரும் கரைக்கவில்லை.

இந்த மயக்கத்தைத் தீர்க்க ஒரு வழி உண்டு. 100 பெண்களின் பெயரைச் சீட்டில் எழுதிக் குலுக்க வேண்டும். பாதிப் பேருக்கு மாத்திரை மட்டும். பாதிப் பேருக்கு மாத்திரையுடன் குளிகை. தானாகச் சுருங்கும் கட்டிகள் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாக விழும். அதற்குமேல் ஒரு பக்கம் சுருங்கினால், அது குளிகையின் வேலை.

குலுக்காமல் டாக்டரே ஆளைப் பொறுக்கினால் என்ன ஆகும்? தெம்பாக இருக்கும் பெண்கள், சிறிய கட்டி உள்ள பெண்கள் எல்லோரும் தமக்குப் பிடித்த மருந்தின் பக்கம் போய்ச் சேர்ந்துவிடுவார்கள்.

சீனப் பத்திரிகைகளில் "குலுக்கிப் போட்டோம்" என்று எழுதியவர்களைச் சீன ஆராய்ச்சியாளர்களே டெலிபோனில் கூப்பிட்டு விசாரித்தார்கள். அதன் விவரம் 2009-ல் வெளிவந்தது. உண்மையாக, முறைப்படி குலுக்கியவை 100-க்கு சுமார் 7 சோதனைகள்தான்! மூலிகைச் சோதனை, இங்கிலீஷ் மருந்துச் சோதனை இரண்டுக்கும் சேர்த்துச் சொன்ன கணக்கு இது. தங்கள் நாட்டுக் குறையைத் தாங்களே தேடி அச்சில் போட்ட அந்த ஆராய்ச்சியாளர்களைப் பாராட்டத்தான் வேண்டும்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. மிபெப்ரிஸ்டோன் மாத்திரையையே காக்ரேன் 2012-ல் தனியாக ஆராய்ந்தது. 3 சோதனைகள், 112 பெண்கள். ரத்தப்போக்கு குறைந்தது; பெண்களுக்குச் சுகம் தெரிந்தது. ஆனால் கட்டியின் அளவு குறைந்ததாக நிரூபணம் ஆகவில்லை. குளிகையை எதனுடன் ஒப்பிட்டார்களோ, அந்தத் தராசுக் கல்லே சரியான எடைதானா என்ற சந்தேகம் வந்துவிட்டது!

இடிக் கடவுள் கொடி

மூலிகை என்றால் கெடுதல் இல்லை என்று நம்புகிறவர்கள் அநேகம். "பச்சிலைதானே!" என்பார்கள்.

அந்த 21 சோதனைகளில் கட்டியை நன்றாகச் சுருக்கிய ஒரு மூலிகை உண்டு. சீனாவில் அதற்கு "இடிக் கடவுள் கொடி" என்று பெயர். பெயருக்கு ஏற்ற மருந்துதான். மிபெப்ரிஸ்டோனைவிட அதிகமாகக் கட்டியைச் சுருக்கியதாகச் சொன்னார்கள். ஆனால் அந்தக் கொடி சினைப்பையைத் தாக்கி மாத விலக்கையே நிறுத்திவிடக் கூடியது. குழந்தை வேண்டும் என்று கர்ப்பப்பையைக் காக்க வந்த பெண்ணுக்கு இதைக் கொடுத்தால் என்ன ஆகும்? வீட்டைக் கொளுத்தி எலியைப் பிடித்த கதைதான்.

குய்ஜி புலிங் அவ்வளவு கடுமையானது அல்ல. ஆயினும் ரத்தத்தை ஓட விடும் சரக்குகள் அதில் இருப்பதால், கர்ப்பமாக இருக்கும் பெண்களுக்கு அது ஆகாது என்று எச்சரிக்கிறார்கள்.

சீன வைத்தியத்தில் பெண்களுக்கு மிகவும் கொடுக்கும் இன்னொரு வேர் "டாங்குய்". ரத்தம் உறையாமல் இருக்க "வார்பரின்" மாத்திரை சாப்பிட்டு வந்த ஒரு பெண், இந்த வேரையும் சேர்த்துச் சாப்பிட்டாள். ஒரே மாதத்தில் ரத்தப் பரிசோதனையின் கணக்கு இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. 1999-ல் வெளியான செய்தி இது. சிறு காயம் பட்டாலும் ரத்தம் நிற்காத நிலை! மாத்திரையும் நல்ல மாத்திரை. வேரும் பழைய வேர். சேர்ந்த இடத்தில் வம்பு.

பிரஸ்ஸல்ஸ் பெண்கள்

இங்கிலீஷ் மருந்தையும் சீன மூலிகையையும் கண்ணை மூடிக்கொண்டு சேர்த்தால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு, பெல்ஜியம் நாட்டில் நடந்த கொடுமையைச் சொல்ல வேண்டும். இது கட்டிக்கான வைத்தியம் அல்ல. உடல் இளைக்கும் வைத்தியம். ஆனால் பாடம் ஒன்றே.

தலைநகரான பிரஸ்ஸல்ஸில் ஒரு வைத்திய நிலையம். உடல் இளைக்க இங்கிலீஷ் மருந்துகளைக் கலந்து கொடுத்து வந்தார்கள். 1990-ல் அந்தக் கலவையில் இரண்டு சீன மூலிகைகளைச் சேர்த்தார்கள். அதன்பின் இளம் பெண்கள் ஒருவர் பின் ஒருவராகக் கிட்னி கெட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். 1993-ல் டாக்டர்கள் இதை உலகுக்கு அறிவித்தார்கள். பாதிக்கப்பட்டவர்கள் சுமார் 100 பேர்!

காரணம் என்ன? பெயர்க் குழப்பம். "ஹான் பாங்ஜி" என்ற வேரைப் போட நினைத்தார்கள். வந்து சேர்ந்ததோ "குவாங் பாங்ஜி". பெயரில் ஒரு சொல்தான் வித்தியாசம். ஆனால் இரண்டாவது வேரில் கிட்னியை அரிக்கும் விஷம் இருந்தது. கிட்னியை எடுத்துச் சோதித்த 39 பேரில் 18 பேருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்று நோயும் வந்திருந்தது என்று 2000-ல் தெரிய வந்தது.

பொடியாகிவிட்ட வேரைப் பார்த்து எது எந்த வேர் என்று யாரால் சொல்ல முடியும்?

மாத்திரைக்கும் பழி உண்டு

இங்கிலீஷ் மருந்து மட்டும் சாது என்று நினைக்க வேண்டாம். ஐரோப்பாவில் இதே கட்டிக்கு "யுலிப்ரிஸ்டல்" என்ற மாத்திரை 2012-ல் விற்பனைக்கு வந்தது. கட்டி சுருங்கியது, டாக்டர்கள் மகிழ்ந்தார்கள். பிறகு சில பெண்களுக்கு ஈரல் கெட்டது. ஈரலை மாற்றி வைக்கும் ஆபரேஷன் வரை போயிற்று. 2020-ல் அந்த மாத்திரையின் விற்பனையை நிறுத்தி வைத்து விசாரித்தார்கள். பின்பு கடும் கட்டுப்பாடு போட்டார்கள்.

ஆனால் இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த மாத்திரையை எத்தனை பெண்கள் சாப்பிட்டார்கள், யாருக்கு என்ன ஆயிற்று என்று கணக்கு வைத்திருந்தார்கள். அதனால் பிடித்தார்கள். கடையில் காகிதத்தில் மடித்துக் கொடுக்கும் வேருக்கு அந்தக் கணக்கை யார் வைத்திருக்கிறார்கள்?

மூலிகையையும் அப்படிச் சோதிக்க முடியாதா? முடியும். பச்சைத் தேயிலையில் உள்ள ஒரு சத்தை எடுத்து எகிப்து நாட்டில் சோதித்தார்கள். 39 பெண்களைச் சேர்த்து, சிலருக்கு அந்தச் சத்து, சிலருக்கு வெறும் போலி மாத்திரை என்று 4 மாதம் கொடுத்தார்கள். எது யாருக்கு என்று பெண்களுக்குத் தெரியாது. சத்து சாப்பிட்டவர்களின் கட்டி சுமார் மூன்றில் ஒரு பங்கு சுருங்கியது. போலி மாத்திரை சாப்பிட்டவர்களுக்குக் கட்டி வளர்ந்தது. 2013-ல் வந்த செய்தி. 39 பேர் போதாதுதான். ஆனால் வழி சரியான வழி.

ஒரே சீட்டில் இரண்டு மருந்து

சீனப் பெண்ணுக்கு ஒரு வசதி இருக்கிறது. ஆஸ்பத்திரியில் மாத்திரை எழுதும் டாக்டரே குளிகையையும் எழுதலாம். இரண்டும் ஒரே சீட்டில் இருக்கும். ஏதாவது கோளாறு வந்தால் அவருக்கு இரண்டும் தெரியும். ஸ்கேன் எடுத்துக் கட்டியை அளப்பதும் அதே ஆஸ்பத்திரியில்தான்.

ஜப்பானிலும் அப்படித்தான். அங்கே குய்ஜி புலிங்குக்கு "கேய்ஷி புக்குர்யோகான்" என்று பெயர். இங்கிலீஷ் வைத்தியம் படித்த டாக்டர்தான் அதை எழுதிக் கொடுக்கிறார். சர்க்கார் இன்ஷூரன்ஸ் பணமும் அதற்குக் கிடைக்கிறது.

சிங்கப்பூரில் நிலைமை வேறு. சீன வைத்தியர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று 2000-ல் அங்கே சட்டம் வந்தது. ஆனால் சீன வைத்தியர் வேறு, ஆஸ்பத்திரி டாக்டர் வேறு. இவர் கொடுத்தது அவருக்குத் தெரியாது. அவர் கொடுத்தது இவருக்குத் தெரியாது. தெரிந்தவள் அந்தப் பெண் ஒருத்திதான். அவளோ, "டாக்டர் கோபித்துக் கொள்வார்" என்று வாயைத் திறப்பதில்லை.

நம் ஊரில் சித்த மருந்தோ கை வைத்தியமோ சாப்பிட்டுக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போகும் பெண்களும் இதைத்தான் செய்கிறார்கள். மாமியாருக்குத் தெரியும், பக்கத்து வீட்டுக்குத் தெரியும், டாக்டருக்குத் தெரியாது!

நாள் கடத்துவதும் ஒரு விஷம்தான். மூலிகை கரைக்கட்டும் என்று ஒரு வருஷம் காத்திருக்கும் பெண்ணின் கட்டி அப்படியே இருக்கலாம். ஆனால் உடம்பில் ரத்தம் இருக்காது. மணிக்கு ஒரு துணி வீதம் நனைந்தால், தலை சுற்றினால், நெஞ்சு படபடத்தால், எந்தக் குளிகைக்கும் காத்திருக்கக் கூடாது. மாத விலக்கு நின்ற பிறகு கட்டி வளர்ந்தாலும், திரும்ப ரத்தம் பட்டாலும் உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

ஆபரேஷன் என்றால் கர்ப்பப்பையையே எடுத்துவிடுவார்கள் என்பதும் இல்லை. கட்டியை மட்டும் எடுத்துக் கர்ப்பப்பையை விட்டுவைக்கும் ஆபரேஷனும் உண்டு. சிறிய கட்டி, தொல்லை இல்லாத கட்டி என்றால் ஒன்றும் செய்யாமல், ஆறு மாதத்துக்கு ஒருமுறையோ வருஷத்துக்கு ஒருமுறையோ அளந்து பார்த்தாலே போதும் என்று சொல்லும் டாக்டர்களும் இருக்கிறார்கள்.

எந்த வழியானாலும், டாக்டரிடம் போகும் பெண் தான் சாப்பிடும் மூலிகையின் பெயரை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு போகலாம். எந்தத் தேதியில் ஆரம்பித்தது, எத்தனை வேளை என்பதையும் எழுத வேண்டும். பெயர் தெரியாவிட்டால் பொட்டலத்தையே முந்தானையில் முடிந்து எடுத்துக்கொண்டு போய் மேஜைமேல் வைத்துவிடலாம்.